ஒற்றைப் பெயர்க்காரர்கள்

ஜூன் 18, செவ்வாய்

பெருநாள் விடுமுறை முடிந்து இத்தனை நாளாகியும் அலுவலகத்தில் பெருநாள் பிஸ்கட் டப்பா சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே தூள்தான் மிச்சம். யாரும் கழுவவும் மாட்டார்கள், தூக்கி எறியவும் மாட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் விரலை விட்டு நக்கிவிட்டுப் போகிறார்கள்.

காலையில் முதலாளி ரெந்த்ரா வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். முதலாளி என்று இங்கே மட்டும்தான் எழுத முடியும். அலுவலகத்தில் அவரை ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிட வேண்டும். நாம் எல்லோரும் ஒரே குடும்பமாம். லீவு கேட்கப் போனால் மட்டும் அண்ணன் முகம் மாறிவிடும்.

போனில் எங்கள் கிளையன்ட்டான தொழிற்சாலை அறக்கட்டளையின் இணையதளம். காராங்செகாராவில் கடல் ஏறி வந்த தெருக்காரர்களுக்குக் கட்டியிருக்கும் மாடி வீடுகளுக்குப் பெயர் பதிகிற பக்கம். அதன் நெற்றியில், சின்னத்தையும் மறைத்துக்கொண்டு, ஒரே வரி வரிசை வரிசையாக: ‘நோட்டீஸ்: கடைசிப் பெயர் என்று ஒன்று வரவில்லை, 214-ஆம் வரி.’

“என்ன கண்றாவி இது?”

“பிஎச்பி நோட்டீஸ் அண்ணா. பெரிய கோளாறு இல்ல. எதிர்பார்த்தது ஒண்ணு வரலைன்னு புரோகிராம் முனகுது, அவ்வளவுதான். எதுக்கு முனகுதுன்னு பார்த்துட்டு…”

“எனக்கு விளக்கம் வேணாம் லிந்தாங். அறக்கட்டளை கிளாரிசா மேடம் அவங்க டைரக்டருக்குக் காட்டும்போது இது வந்து நின்னுருக்கு. மானம் போச்சு. நாளைக்கு இது கண்ணுல படக் கூடாது.”

கண்ணில் படக் கூடாது. இந்த ஊரில் எல்லாருக்கும் வேண்டியது அது ஒன்றுதான்.

ஜூன் 19, புதன்

காரணம் கிடைத்தது. தளத்துக்குத் தோற்றம் தருகிற தீம் வெளிநாட்டில் வாங்கியது. அசலில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், எங்கள் மாற்றங்களை மேலே போர்த்திய சைல்டு தீமில் எழுதுகிறோம். படிவத்தைக் காட்டும் பிளக்இன்னும் வெளிநாட்டுச் சரக்குதான். அது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பக்கத்து மேஜை பாயு போன வருஷம் சைல்டு தீமில் இரண்டாவது கட்டத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கிறான். பிளக்இன் இன்னும் அதைத் தேடுகிறது. கிடைக்கவில்லை. முனகுகிறது.

“உன் வேலைதானா இந்தக் குப்பை?” என்றேன்.

“குப்பை இல்ல, எங்க தாத்தாவுக்குக் கொடுத்த மரியாதை. அவர் பேரு தியோனோ. வெறும் தியோனோ. கடைசிப் பேருக்கு அவர் எங்க போவாரு?”

அது நியாயம். ஜாவாவில் இது சாதாரணம். காராங்செகாராவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர்தான். என் அப்பா வாகிமன், அவ்வளவுதான். எனக்குத்தான் லிந்தாங் என்று வைத்துவிட்டு ஆசைக்கு இன்னொன்றையும் பின்னால் ஒட்டினார். காசு கொஞ்சம் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று பெயர். கார் வைத்திருக்கிற வீட்டில் நான்கு.

“ஒரு @ போட்டுடு. வாயை மூடிக்கும்” என்றான் பாயு. அந்த ஒரு குறியைப் போட்டால் அந்த வரி எவ்வளவு அடிபட்டாலும் சத்தம் போடாது. எங்கள் அலுவலகம் முழுக்க அந்தக் குறியின் மேல்தான் நிற்கிறது. நான் போடவில்லை. ஒழுங்காகச் செய்தேன். ஒரே கட்டம், ‘முழுப் பெயர்’. முதல் சொல் முதல் பெயராகப் போகும், மிச்சம் கடைசிப் பெயராகப் போகும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அதே பெயர் இரண்டு தடவை போகும். நம் ஊரில் எல்லா அலுவலகத்திலும் செய்கிற காரியம்தான். அப்பா தைவான் படகு வேலைக்குப் போனபோது பாஸ்போர்ட்டில் ‘வாகிமன் வாகிமன்’ என்றுதான் போட்டுக்கொடுத்தார்கள். கரையேறி வந்தபின் பாயு மாதிரிப் பையன்கள் அவரை இரட்டை வாகிமன் என்று கேலி செய்வார்கள்.

முனகல் நின்றது. சுத்தமான பக்கம்.

ஜூன் 20, வியாழன்

அண்ணனுக்குச் சந்தோஷம். அதோடு விடவில்லை. நோட்டீஸ்கள் பக்கத்தில் தெரியாமல் பின்னால் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருக்குமே, அதையும் அணைத்துவிட்டார். “இனிமே எப்பவுமே வராதுல்ல?” வராது. நெருப்பே பிடித்தாலும் வராது. சொன்னேன். சிரித்தார். “நெகட்டிவா பேசாதே.”

ஜூன் 21, வெள்ளி

மத்தியானம் கீழே துகினெம் பெரியம்மா கடையில் சாப்பிட்டேன். சோயா தெம்பே வறுவல், கீரை, மிளகாய்த் துவையல். இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற எல்லோரும் அவர் கைச்சோறுதான் தின்கிறோம். அவர் வீடு காராங்செகாராவில்தான் என்று ரொம்ப நாளாகத் தெரியும். வீடு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். தரையை மூன்று தடவை மண் போட்டு உயர்த்தியாகிவிட்டதாம். ஜன்னல் இப்போது முழங்கால் உயரத்தில். கூரை மட்டும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குள் கூன் போட்டுத்தான் நடமாட வேண்டும்.

“மாடி வீடு ஆசையெல்லாம் எனக்கு இல்ல புள்ள. நிமிர்ந்து நின்னு தலை வாரணும். அவ்வளவுதான்.”

“பதிஞ்சிட்டீங்களா?”

“என் போன்ல எழுத்து நெல்லு மாதிரி இருக்கு. யாரு பாக்குறது?”

நானே பதிந்து கொடுத்தேன். அவர் போனில், நானே சரிசெய்த படிவத்தில். ‘துகினெம்’ என்று அடித்தேன். ‘நன்றி, உங்கள் பதிவு ஏற்கப்பட்டது’ என்று வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெரியம்மா ஒரு தெம்பேயை அதிகமாக வைத்தார். “இது நான் போட்டது இல்ல, அறக்கட்டளை போட்டது” என்றார். கடையே சிரித்தது.

தெருவில் அறக்கட்டளை அடையாளம் போட்ட வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வீடு உண்டு. பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூலை ஏழாம் தேதி கடைசி. அந்தந்த வாரம் பதிந்தவர்களுக்குப் புதன்கிழமை போனில் ஒரு எண் வரும்.

ஜூன் 27, வியாழன்

பெரியம்மாவுக்கு நேற்று எண் வரவில்லை. “மெசேஜ் மெதுவாத்தான் வரும்” என்றேன். கையில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே “சரி புள்ள” என்றார்.

ஜூலை 3, புதன்

இன்றைக்கும் வரவில்லை. மத்தியானம் போனைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். அழுக்கு பட்டதால் வரவில்லையோ என்று நினைத்திருக்கிறார்.

“பக்கத்து வீட்டு யூலி பேருல வந்திருச்சு. எதிர் வீட்டுப் பையனுக்கு வந்திருச்சு. எனக்கும் கிழவன் காஸ்திக்கும் சுதியெமுக்கும்தான் வரல. நாங்க எதாச்சும் தப்பாச் செஞ்சுட்டமா?”

முழுப் பெயர்களைக் கேட்டேன். யூலி அஸ்துதி. எதிர்வீட்டுப் பையன் அங்கா பிரதாமா. காஸ்தி. சுதியெம். துகினெம்.

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினேன்.

என் கணினியில் இந்தத் தளத்தின் நகல் ஒன்று இருக்கிறது. அதில் அண்ணன் அடைத்த வாயையெல்லாம் திறந்துவிட்டு, துகினெம் என்று பதிந்தேன். ‘நன்றி’ வந்தது. நன்றிக்கு மேலே ஒரு நோட்டீஸ். இதுவரை நான் திறந்தே பார்க்காத ஒரு கோப்பிலிருந்து. பிளக்இன்னுக்குள் இருக்கும் காவல்காரன் அது. படிவங்களில் குப்பை நிரப்புகிற ரோபோக்களைப் பிடிக்க எழுதியது. விதி ஒரே வரி: முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருந்தால் அது ரோபோ. பதியாதே. ஆனால் நன்றி சொல்லு. பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறான் அதை எழுதிய வெளிநாட்டுக்காரன்: ரோபோவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதாம்.

அவன் ஊரில் ஒற்றைப் பெயரோடு மனிதர்கள் பிறப்பதே இல்லை போல.

அதாவது — அந்தப் பக்கம் நெற்றி நிறைய முனகிக்கொண்டிருந்தபோது எல்லாரும் பதிவாகிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெயர் காலியாக இருந்தது, அவ்வளவுதான். நான் ஒழுங்காகச் சரிசெய்த பிறகுதான் துகினெம் துகினெம் ரோபோவானாள். காஸ்தி காஸ்தி ரோபோவானான். கடலுக்குள் நிற்கிற வீட்டில் குனிந்து குனிந்து நடக்கிற ரோபோ!

எத்தனை பேர்? யார் யார்? தெரியாது. பின்னால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு முனகலாவது மிஞ்சியிருக்கும். அதைத்தான் அணைத்தாகிவிட்டதே. சர்வருக்கே தெரியாது இப்போது.

ஒழுங்காம். நான் செய்த ஒழுங்கு. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முதல் கேள்வி: “கிளையன்ட்டுக்குத் தெரியுமா?”

திருத்தம் ஒரே வரிதான், சைல்டு தீமிலேயே போட்டுவிடலாம், ஆனால் ஏற்கெனவே விழுந்துபோனவர்கள் மறுபடி பதிய வேண்டும், அறக்கட்டளை அந்தத் தெருவில் ஓர் அறிவிப்பு செய்தால் போதும் என்றேன். அறிவிப்பு என்ற சொல் வந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

மத்தியானம் கிளாரிசாவோடு வீடியோ அழைப்பு. பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு செடி. அந்தச் செடிக்குக்கூட இரண்டு பெயர் இருக்கும்.

“அது ரோபோன்னு சிஸ்டம்தானே சொல்லுது லிந்தாங்?”

“மேடம், எங்க ஆபீசுக்குக் கீழ சோறு போடறவங்க அவங்க. ரோபோ இல்ல.”

“ஒருத்தரை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. இப்ப ஃபார்மைத் தொட்டா வேற எதாவது உடையும். பதிவு முடியற நேரம். அப்படியே விடுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “நிஜமாச் சொன்னா, பதிவு கம்மியானதுல எங்க டைரக்டருக்குச் சந்தோஷம்தான். மேல் ரெண்டு மாடி மிஞ்சுது. எங்க தொழிற்சாலை சூப்பர்வைசருங்க ரொம்ப நாளா வீடு கேட்டுட்டு இருந்தாங்க.”

சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். அவள் சிரித்ததால் சிரித்தார். நான் மைக்கை அணைத்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பாயுவுக்கு மட்டும் கேட்டது.

அவர்களுக்கு ஏழைகள் மேல் வெறுப்பு இல்லை. வெறுப்பாவது ஒரு உணர்ச்சி. இது அதுகூட இல்லை. தரையைத் துடைக்கும்போது எறும்பு போனால் போகிறது, அந்த மாதிரி.

ஜூலை 5, வெள்ளி

தளத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். “உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. உன் நல்லதுக்குத்தான்.”

த்தூ.

ஜூலை 7, ஞாயிறு

காராங்செகாராவுக்குப் போனேன். புரோகிராம் எனக்குப் பூட்டியாகிவிட்டது. படிவம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. காவல்காரன் ஒரே பெயரை இரண்டு தடவை பார்த்தால்தான் குரைப்பான். இரண்டாவது பெயர் வேறாக இருந்தால் விட்டுவிடுவான். அவ்வளவுதான் திட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசிப் பெயர்.

பாயு வந்தான். இணைய இணைப்புக்குத் தன் போனைக் கொடுத்தான். வந்ததிலிருந்து போகும்வரை தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. “எவனாவது போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்ல போட்டுட்டான்னா? எனக்குக் கைக்குழந்தை இருக்கு.” அவனைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. வந்தானே.

தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது. அது நல்ல நாளாம். பெரியம்மா வீட்டு வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தேன். அவரே தெருவெல்லாம் போய்க் குரல் கொடுத்தார்: “ஒத்தப் பேருக்காரங்க எல்லாம் வாங்க! மிஷினு நம்மள மனுசன்னு ஒத்துக்கலயாம், வேற பேரு வாங்கிட்டுப் போங்க!”

வந்தார்கள். ஒன்றும் புரியாமல், சிரித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

“நான் அன்னிக்கே பதிஞ்சேனே. நன்றின்னு வந்துச்சே.”

“அது சும்மா சொன்னதுங்க.”

“நன்றியைக்கூடவா சும்மா சொல்லுவாங்க?”

அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினேன்.

சுதியெம் உடனே சொல்லிவிட்டாள். “பெர்மாத்தா! சின்ன வயசுலேர்ந்து ஆசை. மாணிக்கம் மாதிரி இருக்கும்ல?” அவள் புருஷன் பின்னாலிருந்து “மாணிக்கத்துக்கு மொதல்ல குழம்பு வைக்கத் தெரியட்டும்” என்றான். அவள் செருப்பை ஓங்கினாள்.

பைமின் என்று ஒரு மீன்காரர். ரொம்ப நேரம் யோசித்தார். “பைமின் ஆயிர்னு போடு.” ஆயிர் என்றால் தண்ணீர்.

“தண்ணியா? எதுக்குங்க?”

“குடும்பப் பேருன்னுதானே கேட்கிறே? எங்கூட வீட்டுக்குள்ள இருக்கிற ஒரே குடும்பம் அதுதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும். கூடவே கோபமும் வந்தது. இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்? ஒருத்தராவது என்னை அடிக்கக் கூடாதா? ‘நீ எழுதின குப்பைதானே’ என்று ஒருத்தர் கேட்கக் கூடாதா? சொன்னேன், நான் செய்ததுதான் என்று. “பரவாயில்ல புள்ள, சின்ன வயசு” என்று டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பாயு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்: “அடையாள அட்டையில ஒத்தப் பேருதானே இருக்கும்? சரிபார்க்கும்போது மாட்டுமே?”

“மொதல்ல உள்ள போகட்டும். மத்ததை அப்புறம் பார்ப்போம்.”

கடைசியாகத்தான் பெரியம்மா உட்கார்ந்தார்.

“உங்களுக்கு என்ன போட?”

“எனக்குத் துகினெம் போதும்.”

“போதும்னு மிஷின் சொல்லலியே.”

ஈரத்துணியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே இருந்தார். “கார்ஜோன்னு போடு. அவரு பேரு. புருஷன் பேரைச் சேர்த்துக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்கு இல்ல. இருந்தாச் சிரிச்சிருப்பாரு. செத்தப்புறமும் உனக்கு நான்தான் வீடு வாங்கித் தரணுமான்னு கேப்பாரு.”

துகினெம் கார்ஜோ. நன்றி, உங்கள் பதிவு ஏற்கப்பட்டது.

கிழவர் காஸ்தி மட்டும் கிடைக்கவில்லை. படகில் போயிருக்கிறார். கடலில் சிக்னல் இல்லை. அவருக்கு நானே ஒரு பெயர் வைத்துப் பதிந்துவிடலாம் என்றால் அவர் அடையாள எண் வேண்டும். அது அவரோடு படகில்.

ஜூலை 9, செவ்வாய்

கடைசி நாளில் திடீரென்று எப்படி இத்தனை பதிவு என்று கிளாரிசா கேட்டிருக்கிறாள். பெர்மாத்தா, ஆயிர் என்றெல்லாம் பார்த்து அவளுக்குச் சந்தேகம். அண்ணன் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“குடும்பத்துக்குள்ள இப்படி முதுகுல குத்தலாமா?”

“சார், எல்லாம் நிஜ ஆளுங்க. அடையாள எண்ணோட இருக்கு. வேணும்னா போய்ப் பாருங்க. குனிஞ்சு போகணும், தலை இடிக்கும்.”

சார் என்று வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. அவர் முகம் அறை வாங்கியது மாதிரி ஆனது. மற்றதையெல்லாம்விட அதுதான் அவரைச் சுட்டது.

வேலையை விட்டுவிட்டேன். அவர் நிறுத்தினாரா நான் விட்டேனா என்று தெளிவாகத் தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

ஜூலை 10, புதன்

பெரியம்மாவுக்கு எண் வந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

சரிபார்ப்பு. வட்டார மண்டபம். நானும் கூடப் போனேன். மேஜையில் அறக்கட்டளைச் சட்டை போட்ட ஒரு பையன், என் வயதுதான் இருக்கும்.

“கார்டுல துகினெம். இங்க துகினெம் கார்ஜோ. யாரு இந்தக் கார்ஜோ?”

“என் புருஷன்.”

“அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“அவரு செத்துட்டாரு.”

“செத்தவர் பேருல எப்படிம்மா வீடு கேட்கிறீங்க?”

“அவருக்குக் கேட்கல தம்பி. எனக்குத்தான். மிஷினு என் பேரை வாங்கிக்கல. அவரு பேரைச் சேர்த்ததும் வாங்கிக்கிச்சு.”

பையன் கணினியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் விளக்கினேன். அவனுக்குப் புரிந்தது. புரிந்தும் விதி விதிதான். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று வார்டு அலுவலகத்தில் எழுதி வாங்கி வர வேண்டும்.

வாசலில் கிழவர் காஸ்தி. கடலிலிருந்து வந்துவிட்டார். பதிந்த அன்றைக்குப் பேரன் போனில் பிடித்துக்கொடுத்த படத்தைக் காவலாளி முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டிருந்தார். ‘நன்றி, உங்கள் பதிவு ஏற்கப்பட்டது.’

“பாரு, ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்கா இல்லியா?”

“பெரியவரே, இது நன்றிதான். நம்பர் இல்ல.”

“நன்றி எதுக்குச் சொன்னானுங்க அப்ப?”

நான் போய்ப் பேசினேன். மேஜைக்காரனிடம், அவனுக்கு மேலே இருந்தவளிடம், அவளுக்கும் மேலே இருப்பவருக்குப் போனில். மூன்று பேரும் ஒரே பதில், வார்த்தை மாறாமல்: பதிவு முடிந்துவிட்டது. போனில் பேசிய ஆள் இன்னொன்றும் சொன்னான்: “சிஸ்டத்துல அப்படி ஒரு ஆளே இல்லையே மேடம்.”

இல்லைதான். நான் எழுதிய புரோகிராம் அப்படி. காஸ்தி தாத்தா என் தோளில் தட்டிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்து போனார். தட்டாமல் போயிருக்கலாம்.

ஜூலை 26, வெள்ளி

வார்டு அலுவலகம். எவ்வளவு சண்டை போட வேண்டியிருக்குமோ என்று போனேன். அங்கே இருந்த எழுத்தர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ரெண்டு பேரு, ஒரு ஆளா? உட்காருங்க.” அச்சிட்ட தாள் தயாராக இருக்கிறது, இரண்டு இடத்தில் மட்டும் பெயர் எழுத வேண்டும். ‘கீழ்க்கண்ட இருவரும் ஒருவரே என்று சான்றளிக்கப்படுகிறது.’ வங்கி, மருத்துவமனை, மெக்கா பயணம் என்று தினமும் யாராவது வருகிறார்களாம்.

ஒரு நாட்டு ஜனங்களில் பாதியைக் கணக்கில் சேர்க்காத கருவிகளை வாங்கி வாங்கி மாட்டிவிட்டு, அதற்கு மருந்தாகத் தாள் அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். கருவியை மாற்றலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஆளைத்தான் மாற்றுகிறார்கள். குமட்டுகிறது.

பெரியம்மா தாளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “இருவரும் ஒருவரே” என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “இதைக் கல்யாணத்தன்னிக்கே கொடுத்திருக்கலாம்.”

ஆகஸ்ட் 9, வெள்ளி

வார்டு தாளைக் காட்டியதும் பெரியம்மாவையும் மற்ற ஒற்றைப் பெயர்க்காரர்களையும் மண்டபத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதினேன். ஓர் இடத்தில் கேட்டார்கள், ஏன் விட்டீர்கள் என்று. நோட்டீஸை அணைத்துவிட்டார்கள் என்றேன். அந்தப் பெண்மணி தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அப்புறம் அழைப்பே இல்லை.

பாயு செய்தி அனுப்பியிருந்தான். அந்த ஒரு வரித் திருத்தத்தை அவன் சைல்டு தீமில் போட்டுவிட்டானாம், அண்ணனுக்குத் தெரியாமல். பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து. அடுத்த திட்டத்துக்கு உதவுமாம். திட்டலாமா பாராட்டலாமா என்று தெரியாமல் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சாவி கொடுக்கும் விழா. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு சோற்றுப் பெட்டி. மேடையில் கிளாரிசா ஜாவா உடுப்பில். மேல் இரண்டு மாடியில் ஒன்றில் ஏற்கெனவே துணி காய்ந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலைச் சீருடை. காஸ்தி தாத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. கடலுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் படித்தார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் சாவி திரும்பப் போய்விடும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். சுதியெம் பெர்மாத்தா ஓடினாள். பைமின் ஆயிர் என்றதும் பந்தலே சிரித்தது, அவரும் கையசைத்துக்கொண்டு போனார்.

“துகினெம் கார்ஜோ.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“துகினெம் கார்ஜோ!”

பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து கோழித்துண்டை நுகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் பத்தாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது யார் பெயர் என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

“கடைசித் தடவை. துகினெம் —”

அப்போதுதான் உறைத்தது. தோளைப் பிடித்துத் தூக்கினேன். “பெரியம்மா, நீங்கதான்! போங்க!” பெட்டி கவிழ்ந்தது. “நானா?” என்றார். செருப்பைப் போட நேரமில்லை. வெறுங்காலோடு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

மேஜையில் இருந்தவன் தாளை நகர்த்தினான். பெரியம்மா பேனாவை வாங்கி, அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லை எழுதினார். துகினெம்.

“முழுசா எழுதுங்கம்மா. பதிவுல இருக்கிற மாதிரி.”

“இதுதான் முழுசு.”

“கார்ஜோவும் வேணும்.”

பேனா தாளின் மேலேயே நின்றது. பின்னால் வரிசை நெருக்கியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவர் காதோரமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் நிதானமாக, கோணல்மாணலாக, முதல் தடவையாகப் புருஷன் பெயரை எழுதினார்.

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

சரியாகத்தான் இருந்தது.